பெயர் நீங்கிய உருவம்: மருத்துவப் படமும் நோயாளியின் அந்தரங்கமும்

மருத்துவ ஆராய்ச்சியில் நோயாளரின் படங்களைப் பயன்படுத்தும்போது அவர்தம் அந்தரங்கத்தைப் பேணுவது எவ்வாறு என்னும் வினா இன்று பெரும்பாலும் ஒரு தொழினுட்ப வினாவாகவே முன்வைக்கப்படுகின்றது. படத்திலிருந்து பெயரை நீக்குதல், பதிவிலக்கத்தை நீக்குதல், முகம் தெரியுமாயின் அதனை மறைத்தல் என்பன செய்யப்பட்டதும் படம் ஆராய்ச்சிக்கு உரியதாகிவிடுகின்றது என்பதே நடைமுறைக் கோட்பாடு. 2019ஆம் ஆண்டு ஒக்ரோபரில் நியூ இங்கிலன்ட் மருத்துவ சஞ்சிகையில் வெளியான ஒரு சிறு ஆய்வு இக்கோட்பாட்டின் அத்திவாரத்தையே அசைத்தது. அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலைய ஆய்வாளர்கள், 84 தொண்டர்களின் தலையை எடுத்த காந்தப் பரிவுப் படங்களிலிருந்து அவர்களின் முகங்களை மீட்டுருவாக்கி, சந்தையிற் கிடைக்கும் முகமறி மென்பொருள் ஒன்றினால் அவற்றை அத்தொண்டர்களின் ஒளிப்படங்களோடு ஒப்புநோக்கினர். எழுபது பேர், அதாவது நூற்றுக்கு 83 பேர், சரியாக இனங்காணப்பட்டனர். மூளையைப் படம்பிடிக்கும் கருவி மூளையைச் சூழ்ந்த முகத்தையும் சேர்த்தே பதிவு செய்கின்றது. பெயரை எடுத்துவிட்டாலும் ஆள் அங்கேயே இருக்கின்றார்.

இதற்குரிய பரிகாரத்தையும் தொழினுட்பமே தேடிற்று. படத்திலுள்ள முகத்தை வெட்டியெடுக்கும் நிரல்கள் முன்னரே இருந்தன. பின்னர் அதே மேயோ நிலையத்தார், ஒருவரின் முகத்தை அகற்றி அதனிடத்திற் பலரின் முகங்களைச் சராசரிப்படுத்தி ஆக்கிய பொதுமுகம் ஒன்றைப் பொருத்தும் நிரலை 2021இல் வெளியிட்டனர். இத்தகைய முயற்சிகளின் பயனை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும் யாருடைய உருவம், யாருடைய தேவைக்காக, எத்தகைய சமூக உறவின் வழியாகப் படமாயிற்று என்னும் வினாவை அவை எழுப்புவதில்லை. அது வரலாற்று வினா. உருவமும் பெயரும் ஒருவரைச் சுட்டும் முறைமையைப் பயில்வதே இலக்கிய மாணவரின் தொழிலாதலின், நாம் இவ்விடயத்திற் புகுவதற்கு வேறு நியாயம் கூறவேண்டியதில்லை.

படத்துக்கு முன்னர் உடல் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரித்தானியாவின் உடற்கூற்றியற் பள்ளிகளுக்கு வேண்டிய பிணங்கள் சட்டப்படி கொலைகாரரின் உடல்களிலிருந்தே கிடைத்தன. அவை போதாமையாற் பிணத்திருட்டு ஒரு தொழிலாகவே வளர்ந்தது. 1828இல் எடின்பரோவில் பேர்க், ஹேர் என்னும் இருவர் பதினாறு பேரைக் கொன்று உடல்களை விற்ற செய்தி வெளியானதும் சட்டவாக்கம் தவிர்க்கவியலாததாயிற்று. 1832ஆம் ஆண்டின் உடற்கூற்றியற் சட்டம் கண்ட தீர்வு மிக எளிமையானது. ஏழையர் விடுதிகளிலும் வைத்தியசாலைகளிலும் இறந்து, எவராலும் உரிமை கோரப்படாத உடல்கள் பள்ளிகளுக்கு வழங்கப்படலாம் என அது விதித்தது. ‘உரிமை கோரப்படாத’ என்னும் சொற்றொடரை நாம் மனங்கொள்ள வேண்டும். சவ அடக்கத்துக்குப் பணமில்லாத காரணத்தால் உறவினரின் உடலைக் கோராதுவிட்ட குடும்பங்களின் வறுமையை அச்சட்டம் உரிமைத் துறப்பாக மொழிபெயர்த்தது. கொலைகாரருக்கு விதிக்கப்பட்டிருந்த தண்டனை அதன்வழி வறியோரைச் சேர்ந்தது.

மருத்துவ ஒளிப்படம் இத்தகைய சமூகத்திலேயே தோன்றிற்று. அதன் முன்னோடிகளுள் ஒருவரான ஹியூ வெல்ச் டயமண்ட், 1848 முதல் 1858 வரை சரே மாவட்ட மனநோய் விடுதியின் பெண்கள் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தவர். இலண்டன் ஒளிப்படச் சங்கத்தின் தொடக்ககால உறுப்பினர்களுள்ளும் ஒருவர். தம் பொறுப்பிலிருந்த பெண்களை அவர் படம்பிடித்தார். 1856இல் றோயல் சங்கத்தின் முன் தம் முயற்சியின் பயன்களை விளக்கினார். நோயின் தோற்றத்தைப் பதிவு செய்தல் ஒரு பயன். நோயாளி தம் படத்தைத் தாமே கண்டு பயன்பெறுதல் மற்றொன்று. விடுதியை விட்டு நீங்கி மீண்டும் வருவோரை இனங்காணுதல் மூன்றாவது. இவற்றுள் இரண்டாவது எமது மதிப்பைப் பெறவேண்டியது. நோயாளியின் உருவத்தை நோயாளிக்கே காட்டவேண்டும் என்னும் எண்ணம் பின்வந்த மருத்துவத்தில் அரிதாகவே காணப்படுவது. மூன்றாவதோ, இன்று ஆராய்ச்சி நெறிமுறையாளர் எதனை அஞ்சுகின்றனரோ அதுவே. நோயாளியை அடையாளம் காணுவதற்கு உதவும் என்பது அந்நாளில் மருத்துவப் படத்தின் குறையாக அன்றி அதன் சிறப்பாகவே எடுத்துரைக்கப்பட்டது.

அப்படங்களில் உள்ளோர் யார்? மாவட்ட விடுதி பொதுப் பணத்தால் நடத்தப்பட்ட வறியோர் விடுதி. அங்கிருந்த பெண்களிற் பலர் வேலைக்காரிகளும் கூலிப் பெண்களுமாவர். அவர்களின் முகங்களைச் சார்ந்து வரையப்பட்ட கல்லச்சுப் படங்கள் 1858இல் ஜோன் கொனொலியின் கட்டுரைத் தொடருடன் இலண்டன் மருத்துவ வார இதழொன்றில் வெளியாயின. அதே ஆண்டில் டயமண்ட் அரச பணியை விட்டு, டுவிக்கன்ஹாமில் வசதிபடைத்த பெண்களுக்கான தனியார் விடுதியொன்றை அமைத்தார். அறியப்பட்டுள்ள அவருடைய நோயாளிப் படங்கள் சரே ஆண்டுகளுக்கு உரியவை. கட்டணம் செலுத்திய சீமாட்டிகளின் மனநோய் விஞ்ஞானத்துக்குப் பயன்படாதது என்று எவரும் வாதிட்டதாகத் தெரியவில்லை. அவர்களுக்குக் குடும்பம் இருந்தது, குடும்பத்துக்குப் பெயர் இருந்தது, பெயருக்குச் சொத்து இருந்தது. மருத்துவ அந்தரங்கத்தின் வரலாறு எங்கே தொடங்குகின்றது என்று வினவுவோர்க்கு இந்த இரு விடுதிகளையுமே நாம் சுட்டுவோம்.

பாரிஸ் நகரத்துச் சல்பெத்ரியேர் வைத்தியசாலை இப்போக்கின் உச்சமாகும். ஆயிரக்கணக்கான வறிய பெண்கள் தங்கவைக்கப்பட்டிருந்த அந்நிலையத்தில் ஜான் மார்த்தென் ஷார்க்கோ நரம்பியலை ஒரு துறையாக நிலைநிறுத்தினார். அவருடைய மாணவர் பூர்ன்வில்லும் ஒளிப்படக்காரர் ரெஞாரும் சேர்ந்து 1876க்கும் 1880க்கும் இடையில் வெளியிட்ட படத்தொகுதிகள், ஹிஸ்டீரியா எனப்பட்ட நோயின் நிலைகளை ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டின. தொகுதிகளின் முறைமை எமது பொருளுக்கு மிக இன்றியமையாதது. நோயாளியின் பெயர் அங்கு முதலெழுத்தாகச் சுருக்கப்பட்டது அல்லது மாற்றுப் பெயராக்கப்பட்டது. முகம் மறைக்கப்படவில்லை. படுக்கையிற் கிடக்கும் உடலும், களைந்த ஆடையும், பிதற்றலில் வெளிப்பட்ட சொற்களும், குழந்தைப் பருவத்திற் பட்ட வன்கொடுமையின் விபரங்களும் முழுமையாகப் பதிவாகின. பெயரை மறைத்தல் போதும் என்னும் கோட்பாடு இவ்வாறு தன் முதல் வடிவத்தை எய்திற்று.

அத்தொகுதிகளில் மிகுதியாக இடம்பெறும் ஒகஸ்தின் என்னும் இளம்பெண் வீட்டுப் பணியாளரின் மகள், 1875இற் சேர்க்கப்பட்டவள். 1880இல் ஆணுடை தரித்து வைத்தியசாலையிலிருந்து தப்பிச் சென்றாள். அவளுடைய படம் தப்பவில்லை. 1928இல் பிரெடனும் அரகோனும் ஹிஸ்டீரியாவின் ஐம்பதாவது ஆண்டைக் கொண்டாடுவதாகக் கூறித் தமது மீமெய்வாத இதழில் அப்படங்களை மறுபிரசுரம் செய்தனர். நோயை அன்று கவித்துவக் கண்டுபிடிப்பாகப் போற்றிய அவ்விருவரும் பூர்சுவா ஒழுக்கத்துக்கு எதிராகக் குரல் கொடுத்தவர்கள். அரகோன் முன்னாண்டிற்றான் பிரெஞ்சுக் கம்யூனிஸ்ட் கட்சியிற் சேர்ந்திருந்தார். முற்போக்கு எழுத்தாளரும் அப்பெண்ணின் இசைவு பற்றி வினவவில்லை என்பதை இடதுசாரி மரபில் நிற்கும் நாம் மறைத்தல் தகாது. மருத்துவத்துக்கென எடுக்கப்பட்ட படம் மருத்துவத்தோடு நிற்பதில்லை என்பதற்கும் இதுவே சான்று.

1895 டிசம்பர் 22ஆம் நாள் வூர்ஸ்பேர்க் நகரில் ரோன்ற்கன் தம் மனைவியின் கையை ஊடுகதிராற் படம்பிடித்தார். எலும்புகளுக்கு மேலே விரலிற் கிடந்த மோதிரம் கருமையாய் விழுந்தது. அடுத்த ஜனவரியில் அந்நகர விஞ்ஞானச் சங்கத்தில் அவர் உரையாற்றியபோது முதிய உடற்கூற்றியலாளர் கொலிக்கரின் கை படமாக்கப்பட்டது. அவை இரண்டும் இன்றும் பெயருடனேயே வழங்குகின்றன. கனவான்களின் உள்ளுறுப்பு வெளிப்படும்போது அது கௌரவமாகின்றது. விடுதிப் பெண்ணின் முகம் வெளிப்படும்போது அது நோயின் மாதிரியாகின்றது. ‘அந்தரங்கம்’ என்னும் சொல் வடமொழியில் உள்ளுறுப்பு, உட்பகுதி என்னும் பொருளையே முதலிற் குறித்தது. ரோன்ற்கனின் கதிர் அச்சொல்லை அதன் முதற்பொருளிலேயே ஊடுருவிற்று எனலாம்.

சட்டத்துறையில் அந்தரங்க உரிமை தனிக் கோட்பாடாக உருப்பெற்றதும் இக்காலத்திலேயே. 1890இல் பொஸ்ரன் நகரச் சட்டத்தரணிகளான வொரனும் பிரண்டைசும் ஹாவர்ட் சட்ட சஞ்சிகையில் எழுதிய கட்டுரை, கணநேர ஒளிப்படமும் செய்தித்தாளும் இல்லற வாழ்வின் புனித எல்லையைக் கடப்பதைக் கண்டித்தது. யாருடைய இல்லற வாழ்வு என்று அவர்கள் தனித்துக் கூறவில்லை. கூறவேண்டிய தேவையும் இருக்கவில்லை. எனினும் ஓர் உரிமை பிறந்த வர்க்கத்தோடு அது நின்றுவிடுவதில்லை. 1920இல் நியூயோர்க் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கு வந்த வழக்கொன்று இதனைக் காட்டும். மருத்துவச் சங்கங்களிற் காட்டுவதற்கென்று தம் அறுவைப் பிரசவத்தைப் படமாக்க ஒரு பெண் இசைந்திருந்தார். அப்படம் பொதுத் திரையரங்குகளிற் கட்டணத்துக்குக் காட்டப்பட்டது. நீதிமன்றம் அவருடைய முறைப்பாட்டை ஏற்றது. இசைவு ஒரு நோக்கத்துக்கே உரியது, பிற நோக்கங்களுக்குத் தானாகவே பரவாது என்னும் கருத்து இங்கே தெளிவாக வெளிப்படுகின்றது. ஒரு நூற்றாண்டுக்குப் பின்னர் ஆராய்ச்சித் தரவுகளைப் பற்றி நடைபெறும் விவாதத்தின் மையமும் இதுவே.

பாடநூல்களிலும் சஞ்சிகைகளிலும் கண்களின் மீது கருங்கோடிடும் வழக்கம் இருபதாம் நூற்றாண்டில் நிலைபெற்றது. அக்கோடு அயலாரிடமிருந்து முகத்தைச் சற்று மறைத்திருக்கலாம். தாயும் அயலவரும் வேலைத்தலத் தோழரும் ஒருவரைக் கண்ணால் மாத்திரம் அறிவதில்லை. உண்மையில் அது வாசகரான மருத்துவரின் சங்கடத்தையே மறைத்தது என்பது எமது கருத்து. படத்திலிருந்து நம்மைப் பார்க்கும் கண்ணை அது மூடிற்று. மருத்துவ சஞ்சிகை ஆசிரியர்களின் சர்வதேசக் குழு இதனை ஒருவாறு ஏற்றுக்கொண்டு, கண்ணை மறைத்தல் போதிய பாதுகாப்பன்று எனவும், அடையாளம் காணத்தக்க படத்துக்கு நோயாளியின் அறிந்த இசைவு வேண்டும் எனவும் விதித்தது. இதற்கிடையில் 1947இன் நூரன்பேர்க் நெறியும் 1964இன் ஹெல்சிங்கிப் பிரகடனமும் இசைவை மருத்துவ ஆராய்ச்சியின் முதற் கட்டளையாக்கியிருந்தன. இவ்வளர்ச்சியை நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை, நன்கு அறியப்பட்டது.

இவ்விடத்தில் ஒரு மறுப்பு எழலாம். அது எமது மரபினுள்ளிருந்தே எழுவது. அந்தரங்கம் என்பது தன் வேலிக்குள் ஒதுங்கிய தனிமனிதனின் உரிமையன்றோ? 1844இல் வெளியான யூதர் பிரச்சினை பற்றிய கட்டுரையில் மார்க்ஸ் மனித உரிமைகளை இவ்வாறே விமர்சித்தார். மேலும் மூலதனத்தின் முதலாம் பாகத்தில் வேலைநாள் பற்றிய அத்தியாயம், மட்பாண்டத் தொழிலாளரின் நெஞ்சு நோய்களைப் பற்றி மருத்துவர்கள் அரச ஆணைக்குழுவுக்கு அளித்த சாட்சியங்களைக் கொண்டே எழுந்து நிற்கின்றது. தொழிலாளரின் உடல் பொதுவறிவாகாமல் தொழிற்சாலைச் சட்டம் இல்லை. படத்தை மூடினால் சமூகமே குருடாகும் என்று வாதிடுவோரை எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

சுரங்கத் தொழிலாளரின் நுரையீரற் படங்களின் வரலாறு இம்மறுப்புக்கு வலுச்சேர்ப்பது. அதற்கு விடையளிப்பதும் அதுவே. 1930இல் ஜொஹனஸ்பேர்க்கில் நடைபெற்ற சர்வதேச சிலிக்காநோய் மாநாட்டின் பின்னர், தூசியாற் பழுதுற்ற நுரையீரலின் ஊடுகதிர்ப் படங்களை வகைப்படுத்தும் முறை சர்வதேசத் தொழில் தாபனத்தின் ஆதரவில் வளர்ந்தது. நியமப் படங்கள் சில தெரிந்தெடுக்கப்பட்டு உலகெங்கும் வழங்கப்பட்டன. தென்னாபிரிக்காவிலோ வேல்சிலோ ஒரு தொழிலாளியின் மார்பை நோக்கும் மருத்துவர் அந்நியமப் படங்களோடு அதனை ஒப்பிட்டே நோயின் படிநிலையைத் தீர்மானிப்பார். நட்டஈடு கோரும் வழக்குகளில் அப்படிநிலை தொழிலாளியின் சாட்சியமாயிற்று. எவருடைய நுரையீரல்களோ பெயரின்றி முன்மாதிரியாய் நின்று பிற தொழிலாளர்க்கு நீதி பெற்றுக்கொடுக்க உதவின. பெயரற்ற படத்தின் பெருமை என்று எதனையேனும் கூறலாமாயின் இதனையே கூறுவோம்.

ஆனால் அதே காலத்துக் கனடாவை நோக்குவோம். கியூபெக் மாகாணத்தின் கல்நார்ச் சுரங்கத் தொழிலாளரின் மார்புப் படங்களைப் பரிசீலித்த ஜோன்ஸ்-மன்வில் கம்பனியின் மருத்துவர் கெனத் ஸ்மித், படத்தில் நோயின் தடயம் தெரிந்தும் இன்னும் இயலாமை ஏற்படாத தொழிலாளிக்கு அதனை அறிவிக்க வேண்டியதில்லை என்று 1949இல் தம் கம்பனிக்கு எழுதினார். அந்த அறிக்கை பல ஆண்டுகளின் பின்னர் நட்டஈட்டு வழக்குகளின்போது வெளிவந்தது. தொழிலாளியின் மார்பு எடுக்கப்பட்டது, பார்க்கப்பட்டது, எண்ணப்பட்டது, கோப்பிடப்பட்டது. அதனைக் காணாதவன் அம்மார்புக்கு உரியவன் ஒருவனே. இங்கே ‘இரகசியம் பேணல்’ நோயாளிக்காக அன்றி நோயாளிக்கு எதிராகத் தொழிற்பட்டது.

ஆகவே மறுப்புக்கு எமது விடை இது. அந்தரங்கத்தைப் படத்தை மூடுதல், திறத்தல் என்னும் அளவுகோலால் மாத்திரம் அளத்தல் பொருந்தாது. சரே விடுதியிலும் சல்பெத்ரியேரிலும் படம் உலகுக்குத் திறந்திருந்தது, கியூபெக்கில் மூடியிருந்தது. மூன்று இடங்களிலும் தீர்மானித்தவர் படத்துக்கு உரியவர் அல்லர். தமிழில் முதலை ஆள்பவர் முதலாளி. தொழிலை உடையவர் தொழிலாளி. அதே விகுதியோடு நோயாளி என்கிறோம். முதலாளி தம் முதலை ஆள்கின்றார். நோயாளி ஆளுவதாக மொழி கூறும் நோய், படமானதும் அவர் ஆட்சிக்கு அப்பாற் போய்விடுகின்றது. மார்க்ஸ் விமர்சித்த வேலிக்குள் வாழும் மனிதனுக்கு அந்த ஆட்சி எப்பொழுதும் இருந்தது. உழைப்போருக்கு அது கிட்டியதேயில்லை. கிட்டாதவருக்கு ஓர் உரிமையை விரிவாக்குதல் சனநாயகப் போராட்டத்தின் பகுதியாகும். அதனைப் பூர்சுவா உரிமை என்று தள்ளிவிடுதல் புரட்சிகரமாகத் தோன்றினும் பயனில் டயமண்டின் இரு விடுதிகளையும் அவ்வாறே விட்டுவைப்பதாகும்.

கணனி யுகம் இவ்வுறவைப் புதியதொரு தளத்துக்குக் கொண்டுவந்துள்ளது. முன்னர் படம் ஒரு தகடாகவோ அச்சாகவோ இருந்தது. இன்று வைத்தியசாலைகளிற் பயன்படும் டைக்கொம் என்னும் பொது வடிவத்தில், படத்தோடு ஒரே கோப்பில் நோயாளியின் பெயர், பிறந்த நாள், பதிவிலக்கம், வைத்தியசாலை, படமெடுத்த நேரம் ஆகியனவும் பொதிந்துள்ளன. சில கருவிகளில் இவ்விபரங்கள் படத்தின் மீதே எழுத்தாகவும் விழுகின்றன. அவற்றைக் கோப்பின் தலைப்பிலிருந்து நீக்கினாலும் படத்தில் எஞ்சிவிடும். பாதுகாப்பின்றி விடப்பட்ட கணனிக் களஞ்சியங்கள் பற்றி 2019இல் வெளியான ஜேர்மனிய ஆய்வொன்று, 52 நாடுகளைச் சேர்ந்த ஏறத்தாழ 2 கோடியே 40 இலட்சம் நோயாளிப் பதிவுகள் இணையத்திற் கிடந்தமையை வெளிப்படுத்திற்று. இது கவனக்குறைவின் விளைவு; திருத்தத்தக்கது. ஒழுங்காகச் செய்யப்படும் பெயர்நீக்கமே எம்மை மிகுதியும் சிந்திக்க வைக்கின்றது.

அமெரிக்காவில் 1996இன் சட்டத்தின் கீழ் 2003இல் நடைமுறைக்கு வந்த அந்தரங்க விதிகள், பதினெட்டு வகை அடையாளங்களைப் பட்டியலிடுகின்றன. பெயர், முகவரி, முழுமுக ஒளிப்படம் முதலியன அவற்றுள் அடங்கும். இப்பதினெட்டும் நீங்கி, எஞ்சியதைக் கொண்டு ஆளை இனங்காணலாம் என நிறுவனம் அறிந்திராதவிடத்து, அத்தரவு பாதுகாப்புக்குரியதன்று. நோயாளியிடம் மீண்டும் கேளாமலே அதனைப் பகிரலாம், விற்கவும் செய்யலாம். பெயர்நீக்கம் இவ்வாறு ஒரே செயலில் இரு பணிகளை ஆற்றுகின்றது. ஆளைப் பாதுகாக்கின்றது என்பது ஒன்று. படத்தை உரிமை கோருவாரற்ற பொருளாக்குகின்றது என்பது மற்றது. 1832ஆம் ஆண்டின் சட்டம் உடலுக்குச் செய்ததை இது உருவத்துக்குச் செய்கின்றது. வேறுபாடும் உண்டு, உடற்கூற்றியற் பள்ளிக்குச் சென்ற உடல் ஒருமுறையே பயன்பட்டது, படமோ எண்ணற்ற முறை பிரதிபண்ணப்பட்டு ஒவ்வொரு முறையும் மதிப்பை ஈட்டவல்லது.

இது வெறும் உவமையன்று. நியூயோர்க்கின் புகழ்பெற்ற ஸ்லோன் கெற்றரிங் புற்றுநோய் நிலையம், தன் களஞ்சியத்திலிருந்த 2 கோடியே 50 இலட்சம் இழையத் தகடுகளின் படங்களை ஆராய்வதற்கான தனியுரிமையைப் பேஜ் என்னும் இலாபநோக்குக் கம்பனிக்கு வழங்கியமை 2018இற் பத்திரிகைகளில் வெளியாயிற்று. நிலையத்தின் உயர்மட்டத்தார் சிலர்க்கே அக்கம்பனியிற் பங்கு இருந்தது. அத்தகடுகளைப் பல்லாண்டுகளாக வாசித்து விளக்கமெழுதிய நோயியலாளர்களே எதிர்ப்புத் தெரிவித்தனர். தமது உழைப்பு கேளாமற் பிறர் சொத்தானது என்பது அவர்களது முறைப்பாடு. நியாயமான முறைப்பாடே. ஆயினும் தகட்டிலுள்ள இழையம் எவர் உடலிலிருந்து வந்ததோ அவர்களுக்கு முறைப்பாடு செய்ய வழியில்லை. அவர்கள் பெயர் நீக்கப்பட்டோர்.

பெயர்நீக்கத்தின் முதற்பணியேனும் நிறைவாக நிகழ்கின்றதா? 2017இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் 30,805 நோயாளரின் 1,12,120 மார்புப் படங்களை ஆராய்ச்சியாளர் பாவனைக்காக வெளியிட்டது. பெயர்களோ முகங்களோ அவற்றில் இல்லை. 2022இல் ஜேர்மனிய ஆய்வாளர் குழுவொன்று அத்தொகுதியைக் கொண்டே பயிற்றிய கணனி முறைமை, இரு மார்புப் படங்கள் ஒரே ஆளுடையனவா என்பதை நூற்றுக்கு 95க்கு மேற்பட்ட துல்லியத்துடன் கூறிற்று. விலா எலும்பின் வளைவும் இதயத்தின் நிழலும் கைரேகைபோல் ஆயின. ஒருவரின் பெயர் தெரிந்த படம் ஒன்று எங்கேனும் கசிந்தாற் போதும். பெயரற்ற தொகுதியில் அவருடைய ஏனைய படங்களும் அவற்றோடு சேர்ந்த நோய் விபரங்களும் வெளிப்படலாம்.

அதே ஆண்டில் லான்செற் குழும சஞ்சிகையொன்றில் வெளியான பிறிதோர் ஆய்வு இன்னும் கலக்கத்தைத் தருவது. நோயாளர் தாமே கூறிய இனவகையை, ஊடுகதிர்ப் படங்களிலிருந்தே கணனி முறைமைகள் பெருமளவு சரியாகக் கணித்தன. தேர்ந்த கதிரியலாளரின் கண் அங்கு எதனையும் காண்பதில்லை. படத்தை மங்கலாக்கிய பின்னரும் கணிப்பு முற்றாகக் கெடவில்லை. எதனைக் கொண்டு கணிக்கின்றது என்பதும் ஆய்வாளர்க்குத் தெளிவாகவில்லை. அவ்வாய்வு அமெரிக்க இனவகைகளைப் பற்றியது. அதன் முடிவுகளை எமது நாட்டின் இனப் பிரிவுகள் மீது ஏற்றிக் கூறுதல் விஞ்ஞானமாகாது. ஆயினும் 1983இல் வாக்காளர் பட்டியல் கொண்டு வீடு தேடி வந்தவர்களைக் கண்ட நாட்டினராகிய நாம், ஒரு நோக்கத்துக்காகத் திரட்டிய பதிவு மற்றொரு கையில் எவ்வாறு மாறும் என்பதைப் பிறரிடம் கற்க வேண்டியதில்லை.

இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், உடல்நலம் பற்றிய தரவைச் சிறப்பு வகையாக வகுத்துக் கூடுதற் பாதுகாப்பு அளிக்கின்றது. தம்மைப் பற்றிய தரவைக் கேட்டுப் பெறும் உரிமையையும் தருகின்றது. இது வரவேற்கத்தக்க முன்னேற்றம். ஆனால் ஓர் ஆளை இனங்காட்டக்கூடிய தரவு என்பதே இத்தகைய சட்டங்களின் பொருளாதலால், இனங்காட்டும் ஆற்றல் எங்கே முடிகின்றது என்னும் பழைய வினா இங்கும் தொடரும். எமது நாட்டின் இலவச வைத்தியசேவை மக்கள் போராடிப் பெற்ற செல்வங்களுள் ஒன்று. அதனைக் குறைகூறுவதற்காக நாம் இதனை எழுதவில்லை. அவ்வைத்தியசாலைகளே எமது மருத்துவ மாணவரின் பள்ளிகளும் ஆராய்ச்சிக் களங்களுமாகும். இங்கு திரளும் படங்களிற் பெரும்பகுதி தோட்டத் தொழிலாளி, மீனவர், கமக்காரர், சிறு உத்தியோகத்தர் ஆகியோரின் உடல்களிலிருந்தே வரும். தனியார் வைத்தியசாலைக்குச் செல்லும் வசதியுள்ளோரின் படம் எவ்வளவு எளிதில் ஆராய்ச்சித் தொகுதியிற் சேரும் என்பதை வாசகர் ஊகித்துக்கொள்ளலாம்.

எனவே எமது பல்கலைக்கழகங்களின் நெறிமுறைக் குழுக்கள் ஒரு படத்தொகுதியை அனுமதிக்கும்போது பெயர் நீக்கப்பட்டதா என்பதோடு வேறு சிலவற்றையும் கேட்டல் வேண்டும். இசைவுப் படிவம் எம்மொழியில் இருந்தது. மலையகத்துப் பெண்ணொருவருக்கு அதனை வாசித்து விளக்கியவர் யார். மறுத்தால் வைத்தியம் குறையும் என்னும் அச்சம் அவருக்கு இருக்கவில்லை என்பதை எவர் உறுதிசெய்தார். படம் நாட்டுக்கு வெளியே எந்தக் கம்பனியின் நிரலைப் பயிற்றப் போகின்றது. அந்நிரல் பின்னர் எமது சுகாதார அமைச்சுக்கே என்ன விலைக்கு விற்கப்படும். படத்திற் புதிதாக ஒரு நோய் தென்பட்டால் அதனை அவருக்கு அறிவிக்கும் வழி பெயரோடு சேர்த்து நீக்கப்பட்டுவிட்டதா. இறுதி வினா கியூபெக்கின் வினாவே. மீள அணுகும் வழியைப் பொறுப்பான ஒருவரிடம் பூட்டி வைக்கும் முறைகள் பிற நாடுகளில் உள்ளன. அவை சிரமமும் செலவும் தருவன என்பதால் விரும்பப்படுவதில்லை.

எமது கிளினிக்குகளுக்குச் செல்லும் நோயாளர் பலர் பழுப்பு உறையில் இட்ட தம் ஊடுகதிர்ப் படத்தை வீட்டிலிருந்து கொண்டுவருவதும் மீண்டும் கொண்டுசெல்வதும் பழகிய காட்சி. அலமாரியின் மேலோ தலையணைக்கடியிலோ அது பல ஆண்டுகள் கிடக்கும். அதனை வாசிக்க அவர் அறியார். எனினும் அது அவர் கையில் இருந்தது. படங்கள் கணனித் திரைக்கு மாறும் வைத்தியசாலைகளில் அவ்வுறையும் மறைகின்றது. அதற்கு ஈடாக எந்தப் பிரதி அவர் கைக்கு வரும் என்பது இதுவரை எங்கும் எழுதப்பட்டதாக நாம் காணவில்லை.